வண்டல் அள்ள அனுமதி கொடுக்கும் முன்

பெறுநர்: மதுரை மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர்கள், கண்மாய்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

கண்மாய் வற்றியதும், வயலில் போட வண்டல் கேட்டு மனு வரத் தொடங்கிவிடும். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருவதால் விவசாயிக்கு அலைச்சல் குறைந்தது, நல்ல காரியம். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்று அளவும் உண்டு. எவ்வளவு மண் என்று பார்க்கிறோம். எப்படிப்பட்ட மண் என்று பார்ப்பதில்லை. ஊரை ஒட்டிய கண்மாய்களில் இது ஆபத்து.

குப்பை விழுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: வண்டி ஏறும் கரையோரம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் பாலத்தடி. மழை வந்ததும் பாலித்தீன் மிதந்து, உபரி நீர் வழியும் கலுங்கில் போய் அடைக்கும். கண்ணில் படுவதால் புகாரும் அதைப் பற்றித்தான் வரும். உடைத்த பேட்டரி, பழைய பெயிண்ட் டப்பா, செம்புக்காக எரித்த ஒயரின் சாம்பல் இவற்றிலிருந்து இறங்கும் ஈயமும் காட்மியமும் அப்படிக் கண்ணில் படாது. அவை களித்துகளோடும் மக்கோடும் ஒட்டிக்கொள்ளும். மணல் வரத்துக்கால் வாயிலேயே தங்கிவிட, மாவு போன்ற களி, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைப்பக்கப் பள்ளத்தில் படியும். விவசாயி தேடி அள்ளுவது அந்தக் களியைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். உலர்ந்த வண்டல் கன மீட்டருக்கு 1.2 டன் என்று வைத்தால், 75 கன மீட்டர் 90 டன். நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது, 5 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்கிறது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த உரத்தை ஏக்கருக்கு 2 டன் போட்டால், ஈயம் வரம்பைத் தொட்டிருந்தாலும் சேர்வது 200 கிராம். அதே செறிவுள்ள வண்டல் 9 கிலோவைக் கொண்டுவந்து கொட்டும். மூட்டையில் வருவதற்கு வரம்பு உண்டு, டிராக்டரில் வருவதற்கு இல்லை!

ஈயம் உழவு மண்ணிலேயே பல தலைமுறைக்குத் தங்கும். கீரையில் ஒட்டும் புழுதி வழியாகவும் வரப்பில் விளையாடும் குழந்தையின் கை வழியாகவும் உடலுக்குள் போகும். காட்மியத்தைக் கீரைச் செடியே உறிஞ்சும். கண்ணாடிச் சில்லும் பிளேடும் நாற்று நடுபவர்களின் காலைக் கிழிக்கும். பாலித்தீன் ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும், மிச்சம் துண்டுதுண்டாகி மண்ணிலேயே கிடக்கும்.

சாக்கடை கலந்த கண்மாயில் சோடியமும் சேரும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் ஊற்றி, சுண்டைக்காய் அளவு உலர்ந்த கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் படர்ந்தால் அது களராகும் மண், தண்ணீர் இறங்காமல் இறுகிவிடும். கட்டி வெறுமனே உதிர்ந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பே கலங்கலை மறைத்துவிடும்.

உலோகத்துக்கு ஆய்வகம்தான் வழி. வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல், சில நுண்ணூட்டங்கள் வரும்; ஈயமும் காட்மியமும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். மாதிரி எடுப்பதில்தான் தவறு அதிகம். கண்மாய் முழுவதும் பத்து இடத்தில் அள்ளி ஒன்றாகக் கலந்தால், குப்பை மேட்டின் நஞ்சு நல்ல மண்ணில் கரைந்து சராசரியாகிவிடும். குப்பைப் பகுதி, வரத்துக்கால் வாய், மடைப்பள்ளம் மூன்றுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில், அள்ளப்போகும் ஆழம் வரை எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, இப்படியே திரும்பத் திரும்பச் செய்து அரைக் கிலோவாகக் குறைக்கலாம். துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம், எவர்சில்வர் கரண்டி போதும்.

பொறியாளர்களுக்கு ஒன்று. தூர்வாரும்போது ஜேசிபி குப்பையைக் கரையோடு தள்ளி, மேலே மண் போட்டு மூடுவது எல்லோரும் பார்ப்பதுதான். பார்வைக்குக் கரை பலமானது போலத் தெரியும். உள்ளே மக்குவது மக்கிப் பொந்து விழும், பாலித்தீன் படலத்தை ஒட்டி மண் சறுக்கும், பெருமழையில் தண்ணீர் அந்த வழியைத்தான் பிடிக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை: குப்பையை முதலில் தனியாக அள்ளி அகற்றுங்கள். அது கிடந்த இடத்தின் மேல்மண்ணையும் வயலுக்கு விடாதீர்கள். அனுமதிக்கு முன் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, அள்ளக்கூடாத பகுதியைக் கல் நட்டுக் காட்டட்டும். ஆய்வு முடிவு வராத கண்மாய்க்கு அந்தக் கோடையில் அனுமதி வேண்டாம்.

அனுமதிச் சீட்டில் ஒரு வரி சேர்த்தாலும் உதவும்: “இறக்கிய வண்டலைக் குவியலாகவே வைத்துச் சோதியுங்கள், முடிவு தெரியும் வரை பரப்பி உழாதீர்கள்.” 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது. குவியலாக இருக்கும்வரை திருப்பி அள்ளிவிடலாம், உழுதுவிட்டால் முடியாது.

இப்படிக்கு,
மதுரைச் சுற்றுவட்டார ஆயக்கட்டு விவசாயிகள், மண் ஆய்வுப் பணியாளர்கள்