மதுரவாயலுக்குப் போயிட்ட டப்பா

கண்ணு செல்வி,

நல்லா இருக்கியாமா, மாப்ள, குட்டிப்பையன் எல்லாம் சௌக்கியமா. போன்ல சொல்லலாம்னா நடுவுல உங்கம்மா பூந்து முருங்கக்கா வெலைய ஆரம்பிச்சிடுவா, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

நீ அனுப்பின வீடியோவ நாலு வாட்டி பாத்தேன். பேரன் மரத்து வேர் சந்துல கைய வுட்டு டப்பாவ இழுத்துட்டு குதிக்கிறான் பாரு, அத அண்ணன் பசங்க ரெண்டும் பாத்துட்டு தாத்தா நம்மளும் ஜியோகேச்சிங் போலாம்னு ஒரே நச்சரிப்பு, லீவு வேற. இன்னாடா அதுன்னு நோண்டிப் பாத்தா, ஒருத்தன் டப்பாவ ஒளிச்சு வெச்சு அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பரக் குடுப்பான், மத்தவன் அத வெச்சு தேடிக் கண்டுபுடிக்கணும், அந்த டப்பாக்குப் பேருதான் கேச்சாம். அது பொறந்ததே உன் ஊரு பக்கம்தானாமே! முன்னெல்லாம் அமெரிக்காக்காரன் ஜிபிஎஸ்ஸ வேணும்னே கொழப்பி வுட்டுதான் பொதுஜனத்துக்குக் குடுப்பானாம், 100 மீட்டர் தள்ளிக்கூட காட்டுமாம். 2000 மே மாசம் ஆரம்பத்துல அத நிறுத்தினான், அடுத்த ரெண்டு நாள்லயே டேவ் உல்மர்னு ஒருத்தரு பீவர்கிரீக் கிட்ட காட்டுல ஒரு கறுப்பு பக்கெட்ட வெச்சு நம்பர இன்டர்நெட்ல போட்டுட்டாரு. உள்ள புக்கு, உண்டிக்கோல், பீன்ஸ் டின்னு ஒண்ணு. எதாவது எடு, எதாவது வெய்யி, அவ்ளோதான் ரூலு. இப்ப அந்த எடத்துல பலகை வெச்சிருக்காங்களாம், போர்ட்லேண்ட்லேந்து கிட்டதான, ஒரு ஞாயித்துக்கிழம போயி போட்டோ எடுத்து அனுப்புமா.

இங்க நம்மளே ஒண்ணு வெப்போம்னு கெளம்பிட்டோம். ஆனா ராயபுரத்துல ஒரு பொருள எங்க ஒளிக்கிறது சொல்லு? ஆட்டம் தெரியாதவங்களுக்கு மகுள்னு பேராம், அவங்க கண்ணுல படாம எடுக்கணுமாம். நம்ம தெருவுல மகுள் கண்ணுல படாம மூக்கு சொறிய முடியுமா? மாடிப்பூங்கா பக்கம் சும்மா குனிஞ்சேன், இன்னா நைனா தொலச்சிட்டன்னு மூணு பேரு ஓடியாந்து கூடவே தேட ஆரம்பிச்சிட்டாங்க. எத தேடறோம்னு கூட கேக்கல.

ஸ்டேஷன் பக்கம் வெக்கலாம்னு சின்னவன் சொன்னான், நான்தான் வேணான்டா, ஆளில்லாத டப்பா கெடந்தா போலீஸ் நாயோட வந்துடும்னேன். ஆனா ஸ்டேஷன வுடல, கேள்வியா வெச்சேன். தெக்க மொதமொத ரயிலு கெளம்பினது நம்ம ராயபுரத்துலேந்துதான, வாலாஜா ரோடு வரைக்கும், அந்த வருஷத்தக் கண்டுபுடிச்சாதான் நம்பர் முழுசாவும். பெரியவ 1856ன்னு டக்குனு சொல்லிட்டா. வடக்கு நம்பருக்குக் கடைசி ரெண்டு எழுத்து 56, கெழக்குக்கு 18. வடக்கு 13 டிகிரி 06.556 நிமிஷம், கெழக்கு 80 டிகிரி 17.518 நிமிஷம்.

இங்கதான் உங்கப்பன் மானம் போச்சு. நான் பேப்பர்ல டிகிரி, நிமிஷம்னு எழுதாம 13.06556, 80.17518ன்னு புள்ளி வெச்சு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் போன்ல போட்டுட்டு, தாத்தா இது மதுரவாயல் காட்டுது, ஆட்டோ புடிக்கவான்றானுங்க! 13 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. நான் போனத் திட்டினேன், நெட்டத் திட்டினேன். பெரியவதான் பேப்பர உத்துப் பாத்துட்டு, ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம் தாத்தா, கடிகாரம் மாதிரி, 06.556ஐ 60ஆல வகுத்தா 0.109 சொச்சம், நீ அப்படியே ஒட்டவெச்சிட்டன்னா. முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்புல அளவு பாத்தவன், எட்டாங்கிளாஸ் பொண்ணுகிட்ட மாட்டினேன்.

சரி பண்ணிப் போட்டா நம்ம ஏரியாக்கு வந்துச்சு. ஆனா சந்துக்குள்ள நொழஞ்சா அந்த நீலப் புள்ளி இந்தத் தெருவுல ஒரு குதி, அந்தத் தெருவுல ஒரு குதி, ரெண்டு பக்கமும் மாடி வீடு, சிக்னல் செவுத்துல பட்டுத் திரும்புதாம். கடைசி பத்தடிக்கு போன பாக்கெட்ல போடு, கண்ண யூஸ் பண்ணுன்னேன். வேப்பமரம், குழா, இஸ்திரி வண்டி. சின்னவன் வண்டியவே மூணு சுத்து சுத்தறான், இஸ்திரித் தாத்தா நமட்டு சிரிப்பு சிரிச்சிகினே துணி தேய்க்கிறாரு. ஆமா, டப்பா அவருகிட்டதான் குடுத்து வெச்சிருந்தேன், பாஸ்வேர்ட் சொன்னா குடுக்கணும்னு. பாஸ்வேர்ட் உன் செல்லப் பேரு, நீதான் சொல்லாதன்னு திட்டுவியே அது, தெருவே கேக்க கத்தினானுங்க.

ஒளிக்காம ஆளுகிட்ட குடுத்து வெச்சா நெசமான கேச் ஆவாது, நீ சொல்லுவ. ஆவாதுதான். நம்ம ஊருக்கு இதான் செட் ஆவுது, போறவன் வர்றவன் குப்பைன்னு தூக்கிப் போட மாட்டான் பாரு.

தொறந்தா எறும்பு. சாப்பிடற பொருள் வெக்கக் கூடாதுன்னு படிச்சிட்டுத்தான் வெச்சேன், கோலி, பழைய பஸ் டிக்கெட்டு, சின்ன நோட்டு இதான் போட்டேன், உங்கம்மா எனக்குத் தெரியாம ரெண்டு கடலமிட்டாய் சொருகி வுட்டிருக்கா. நோட்டுல பேரு, தேதி எழுத வேண்டிய பக்கத்துல எறும்பு வரிசையா போவுது. தட்டி வுட்டுட்டு எழுதினானுங்க. மிட்டாயத் தொடச்சித் தின்னுட்டானுங்க, அம்மாகிட்ட சொல்லிடாத.

டிசம்பர்ல பேரனக் கூட்டினு வருவ இல்ல, டப்பா இப்ப வேற ஆளுகிட்ட இருக்கு. யாருன்னு சொல்ல மாட்டேன், நம்பர் மட்டும் தனியா அனுப்பறேன், இந்த வாட்டி டிகிரி, நிமிஷம்னு எழுதியே.

அப்பா