ஒரு வரியில் முடிந்துபோன டிரம்மர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ஆரம்ப காலத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லிவர்பூல், ஹாம்பர்க், அப்புறம் உலகம் என்று விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் குழுவின் பழைய டிரம்மர் பீட் பெஸ்டுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி. டிரம்மரை மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் இரண்டு வருடம் இருக்கிறது. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போக டிரம்மர் கிடைக்காமல் தவித்த குழுவில், கிளம்பச் சில நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தவர் பீட். அதற்கு முந்தைய வருடமே அந்தப் பையன்கள், அவருடைய அம்மா மோனா வீட்டு நிலவறையில் நடத்திய காஸ்பா காபி கிளப்பில் வாசித்திருக்கிறார்கள். ஹாம்பர்க்கில் இரவு இரவாக மணிக்கணக்கில் வாசித்துத்தான் அந்தக் குழு தேறியது. அத்தனை இரவும் பின்னால் உட்கார்ந்து அடித்தவர் பீட்.

1962 ஜூன் 6-ம் தேதி லண்டனில் இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியாக இல்லை. ரெக்கார்டிங்குக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் எண்ணம். குழுவை விட்டே அனுப்பச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 16 அன்று மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் பீட்டைத் தன் ஆபீசுக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். கூட வாசித்த மூன்று பேரும் அங்கே இல்லை.

அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். பீட்டின் இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வந்தார். செப்டம்பர் 11 பதிவில் அவரையும் நகர்த்திவிட்டு ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை உட்கார வைத்தார்கள். ரிங்கோ டாம்பரின் என்ற கைத்தாளக் கருவியைத் தட்டினார். ஆனால் அவரை யாரும் குழுவிலிருந்து நீக்கவில்லை. ரிங்கோ அந்தக் குழுவுக்கு அமைந்த டிரம்மர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாற்றியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றிய விதத்தைத்தான் சொல்கிறேன்.

இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1991-ல் பெரம்பூரில் நாங்கள் நாலு பேர் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். நான் பேஸ் கிடார். டிரம்மர் வீட்டு மொட்டை மாடியில்தான் பிராக்டிஸ். கரண்ட் போனால் அவன் அம்மா டீயோடு மேலே வருவார். ஒரு கல்லூரி விழாப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சர்ச்சில் வாசிக்கும் இன்னொரு டிரம்மர் எங்களுக்குக் கிடைத்தார். கை சுத்தம், தாள வேகம் மாறாது. சரி, இவரை வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். நண்பனிடம் அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மைக் செட் போடும் அண்ணன் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினோம். அவரிடம் பேசியது நான்தான்.

போட்டி அன்று எங்களிடம் டிரம்ஸ் இல்லை. நாங்கள் நீக்கிய நண்பன் தன்னுடைய டிரம்ஸ் செட்டை ஆட்டோவில் ஏற்றித் தம்பியோடு அனுப்பி வைத்திருந்தான். அதில்தான் வாசித்தோம். இரண்டாம் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே குழு கலைந்தது. எத்தனையோ தடவை அவன் தெரு வழியாகப் போயிருக்கிறேன். இன்றுவரை அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

பீட் பெஸ்ட் பிறகு லிவர்பூலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சுமார் 20 வருடம் அரசு ஊழியராக இருந்தார். 1995-ல்தான், அவர் வாசித்த பழைய பதிவுகள் சில பீட்டில்ஸின் தொகுப்பு ஆல்பம் ஒன்றில் முறையாக வெளிவந்து அவருக்கும் பணம் கிடைத்தது. நீக்கப்பட்டு 33 வருடம் கழித்து!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் சென்னையின் ராக் குழுக்களைப் பற்றியும் எழுதுங்கள். ஏ.ஆர்.ரஹ்மான், சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லாம் 'ரூட்ஸ்' குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். ரஹ்மான் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற குழுவையும் தொடங்கினார். சினிமாவுக்குப் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் இந்த ஊரில் எத்தனையோ குழுக்கள் இருந்தன. அவற்றில் ஆறு மாதம், ஒரு வருடம் வாசித்துவிட்டு விலகியவர்களையும், விலக்கப்பட்டவர்களையும் தேடிப் போய்ப் பேசுங்கள். யார் எப்போது வந்தார், ஏன் போனார் என்று பெயரோடு போடுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது அறுபது வயதை நெருங்கும். தள்ளிப்போட வேண்டாம்.

அப்படி ஒரு தொடர் வந்தால், எங்கள் குழுவின் பிராக்டிஸ் கேசட்டுகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன, தருகிறேன். இரண்டிலும் டிரம்ஸ் அவன்தான்.

அன்புடன்,
பெரம்பூர் வாசகர்,
சென்னை - 11