ஒரு புஷ் தேய்ந்ததற்கு ஒரு மிக்ஸியையே தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்

மதிப்பிற்குரிய மிக்ஸி கம்பெனிக்காரர்களுக்கு,

வணக்கம். என் வீட்டில் இருப்பது உங்களில் ஒருவருடைய மிக்ஸிதான். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் "நம்மை இல்லை" என்று நிம்மதியாகக் கடிதத்தை மூடி வைத்துவிடுவீர்கள். ஜாரில் எது முதலில் தேயும், எத்தனை வருஷத்தில் தேயும் என்பதெல்லாம் செய்கிற உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதனால் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்.

ஜாரின் பாகங்களான பிளேடு, பிளேடின் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற புஷ், வாஷர், ஜாரை மோட்டாரோடு சேர்க்கிற கப்ளர் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்க வேண்டும். அந்த மாடலை நீங்கள் நிறுத்தினாலும் அடுத்த பத்து வருஷத்துக்கு விற்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து பேருக்கு ஐந்து தேங்காய், அதுவும் நல்ல முற்றல் தேங்காயாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரித்து எடுக்க வேண்டும். காய் வேகிறதெல்லாம் பின்னால் எடுத்த பாலில். கெட்டியான முதல் பாலை அடுப்பை அணைக்கப் போகும்போது ஊற்றி, இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். சொதியின் அழகே அந்த வெள்ளைதான். மஞ்சள்தூள்கூடப் போட மாட்டோம்.

காலை ஆறரை மணிக்கு மூன்றாவது தேங்காயை அரைக்கும்போது சத்தம் மாறியது. அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவளுக்கு மிக்ஸியின் சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மூடியைத் திறந்தேன். தேங்காய் விழுதின் நடுவே, பிளேடைச் சுற்றி, மை தொட்டு வட்டம் போட்ட மாதிரி ஒரு சாம்பல் நிற வளையம். ஒரு கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே பிழிந்து வைத்திருந்த முதல் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அதிலும் மேலே மெல்லிசாகக் கறுப்புக் கோடு.

மூன்று தேங்காயையும் பாலோடு சேர்த்துக் கொட்டினேன். கொட்டும்போது அடுத்த அறையில் என் மகள் புதுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். "அம்மியக் கழுவு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். இருந்த இரண்டு தேங்காயும், ஓடிப்போய் வாங்கி வந்த மூன்று தேங்காயும் அம்மியில்தான் அரைபட்டன. மாப்பிள்ளை மூன்று முறை சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தைக்கு அடுத்த நாலு நாள் தோள்பட்டையில் தைலம் தேய்த்துவிட்டேன்.

மறு வாரம் ஜாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். ஜாரைக் கவிழ்த்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புஷ் போயிடுச்சு மேடம்" என்றார். சரி, மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"புஷ் தனியா வராது மேடம். ஜார் செட்டாத்தான் வரும்."

சரி, ஜாரையே கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இந்த மாடல் நிறுத்திட்டாங்க. ஜாரும் வராது."

வாங்கி மூன்று வருஷம் இரண்டு மாசம்தான் ஆகிறது என்றேன். மிக்ஸிக்கு இரண்டு வருஷ வாரண்டி, அது முடிந்துவிட்டது என்றார். "ஆனா மோட்டாருக்கு அஞ்சு வருஷம் இருக்கு மேடம், அதுக்குக் கவலையே படாதீங்க" என்று ஆறுதலும் சொன்னார்.

ஐயா, நான் அந்த மோட்டாரை வைத்து என்ன செய்வது? இன்னும் இரண்டு வருஷம் அதைச் சும்மா ஓடவிட்டுக் காற்று வாங்கட்டுமா?

கடைசியில் எக்ஸ்சேஞ்ச் சொன்னார்கள். பழைய மிக்ஸிக்கு 400 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம். நான் அதை வாங்கியது 4,600 ரூபாய்க்கு. தேய்ந்த பாகம் என் சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது.

அங்கிருந்து நேரே எங்கள் தெருமுனை ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் போனேன். அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையக் கப்ளர் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் எது எந்த மிக்ஸிக்கு என்று சொல்லுவார். என் ஜாரைத் திருப்பிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "யக்கா, முன்னால எல்லாம் அடியில நட்டு இருக்கும். கழத்துனா புஷ் வெளிய வந்துரும், புதுசப் போட்டு இறுக்கிக் குடுத்துருவேன், நூத்தி இருவது ரூவா. இதுல பாருங்க, ஒட்டி வச்சிருக்கான். ஒடச்சாத்தான் வரும். ஒடச்சா ஜாரு போச்சு."

பிரிக்க முடியாதபடி ஒட்டுவதற்கு ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்திருப்பார் இல்லையா? அவர் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைப்பதில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

அதே அண்ணாச்சி கடையில், அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்தது விலையில்லா மிக்ஸி. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கி ரேஷன் கார்டுக்குக் கொடுத்ததே, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, அதில் வந்தது. அண்ணாச்சி ஐந்து நிமிஷத்தில் கப்ளரை மாற்றிப் பாட்டி கையில் கொடுத்தார். ஊரில் அத்தனை பேர் வீட்டில் அந்த மிக்ஸி இருப்பதால் அதற்குச் சாமான் எல்லாக் கடையிலும் தொங்குகிறதாம். இலவசமாக வந்தது ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கியது பரணில் உட்கார்ந்திருக்கிறது.

கப்ளர் என்பது உடைவதற்கென்றே வைத்த பாகம் என்று அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜார் உள்ளே இறுகிக்கொண்டால் முதலில் கப்ளரின் பல் உதிர்ந்து மோட்டாரைக் காப்பாற்றிவிடும். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. உடையும் என்று தெரிந்தே வைத்த ஒன்றைக் கடையில் கிடைக்கும்படி செய்யாமல் விடுவதுதான் புரியவில்லை. அதிலும் கம்பெனிக்கு ஒரு அளவு, மாடலுக்கு ஒரு பல். ஒருவருடைய ஜார் இன்னொருவருடைய மோட்டாரில் உட்காராது. போகட்டும், உங்கள் போன வருஷத்து ஜாராவது இந்த வருஷத்து மோட்டாரில் உட்காரக் கூடாதா?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குக்கரில் நடக்கிறதே. என் அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த ஐந்து லிட்டர் குக்கர் இன்னும் என் அடுப்பில்தான் இருக்கிறது. கேஸ்கெட் எத்தனை மாற்றியிருப்பேன் என்று எண்ணிக்கை இல்லை. சேஃப்டி வால்வு இரண்டு தடவை. வெயிட் ஒரு தடவை, அதுவும் குழந்தை எங்கேயோ விளையாடித் தொலைத்ததால். பாத்திரக் கடையில் "அஞ்சு லிட்டர், உள்மூடி" என்று சொன்னால் போதும், எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆவி அடைத்து வேகிற ஆபத்தான சாமான் அது. 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது என்று அதற்குக் கட்டாயமே இருக்கிறது. அப்படிப்பட்ட குக்கருக்கே கேஸ்கெட்டைத் தனியாகக் கொடுக்க முடிகிறது. மிக்ஸிக்கு ஒரு புஷ் கொடுக்க முடியாதா?

கிரைண்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருப்பது கோயம்புத்தூர் கிரைண்டர், 1998இல் வாங்கியது. பெல்ட் மூன்று முறை மாற்றியாயிற்று. கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். இன்றைக்கும் உளுந்து பந்து பந்தாகப் பொங்கி வருகிறது. இதில் கவர்மென்டையும் சும்மா விடுவதற்கில்லை. 2022 ஜூலையில் அந்தக் கிரைண்டருக்கு வரியை ஐந்து சதவீதத்திலிருந்து ஒரேயடியாகப் பதினெட்டு ஆக்கினார்கள். இட்லி சாப்பிடுவது அவ்வளவு ஆடம்பரம் போலிருக்கிறது. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன், மன்னிக்கவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. வீட்டுச் சமையலுக்கு அவசியமான சாமான்கள் என்று மகளுக்கு அவள் தோழிகள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். வெங்காயம் நறுக்க ஒன்று, பூண்டு நசுக்க ஒன்று, முட்டை அடிக்க ஒன்று, மாதுளை உதிர்க்க ஒன்று, இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். நான் அவளுக்குக் கொடுத்தனுப்பியது ஏழுதான். அரிவாள்மணை, இரும்பு தோசைக்கல், இட்லிக் கொப்பரை, தேங்காய்த் துருவி, குக்கர், கிரைண்டர், மிக்ஸி. முதல் நாலுக்கு மாடல் நம்பரே கிடையாது. மழுங்கினால் சாணை பிடிக்கலாம். தோசை ஒட்டினால் எண்ணெய் தேய்த்துப் பழக்கலாம். மீதி மூன்றில் இரண்டுக்கு உதிரி கிடைக்கும். ஏழாவதை வாங்கும்போதுதான், "இது எத்தனை வருஷத்துக்கும்மா?" என்று மகள் கேட்டாள். என்ன பதில் சொல்ல என்று தெரியாமல் நின்றேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை' என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வண்டி வாகனத்தோடு வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் உண்டு. கம்பெனிகள் தங்கள் உதிரி பாகம், ரிப்பேர், வாரண்டி விவரங்களைத் தானாக முன்வந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தத் 'தானாக முன்வந்து' என்கிற வார்த்தையில்தான் எல்லாம் தொங்குகிறது. என் மிக்ஸிக்காரர்கள் எனக்காக முன்வந்து செய்த ஒரே காரியம், நான் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்ட மறுநாள், "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று மெசேஜ் அனுப்பியதுதான்.

1915க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம் என்கிறான். போகலாம்தான். ஆனால் எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம், மன்னிப்புக் கடிதம் வேண்டாம், புது மிக்ஸியும் வேண்டாம். ஒரு புஷ் வேண்டும். அதைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

கோபத்தில் ஒன்றிரண்டு வார்த்தை கூடுதலாக வந்திருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மிக்ஸியால்தான் எங்கள் தலைமுறைப் பெண்களின் இடுப்பு தப்பித்தது, அதை நான் மறக்கவில்லை. அம்மியில் அரைத்த கை இது. அதனால்தான் மிக்ஸி ஓடாமல் நின்றால் இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஜாரின் அடியில் பழையபடி நட்டு வையுங்கள். புஷ், கப்ளர், வாஷர், பிளேடு இவற்றைத் தனியாக விற்க ஏற்பாடு செய்யுங்கள். கப்ளரின் மேல் அதன் அளவைத் தமிழிலோ எண்ணிலோ அச்சடித்துவிடுங்கள், அண்ணாச்சி இல்லாத ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குக் கிடைக்கும் என்று அட்டைப்பெட்டியின் மேல் போடுங்கள். வாட்ஸ் போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி

பின்குறிப்பு: அந்த 400 ரூபாய்க்கு மிக்ஸியை நான் கொடுக்கவில்லை. மோட்டாரையும் ஜாரையும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். ஆடிக்கு மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் புஷ் வந்தால் இறக்கிக்கொள்கிறேன். வராவிட்டால் அத்தை இப்போதே தைலம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.