பெட்ரோல் டிரக்ல ஃபிஃப்த் வீல்: மகளுக்கு எழுதினது

கண்ணு,

நம்ம பெட்ரோல் டிரக்கால ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர (மூக்க டிரக் மேலயே வச்சு இழுக்குற வீட்டு ட்ரெய்லர்) இழுக்க முடியுமான்னு நேத்து போன்ல நீ கேட்டதுக்கு பாதிதான் பதில் சொன்னேன், மீதிய எழுதி அனுப்புறேன்னேன்ல, இதான் அது. நீளமா போகும். மாப்பிள்ளையும் படிக்கட்டும், ரெண்டு பேரும்தானே ஓட்டப் போறீங்க.

டிராவல் நர்ஸ் வேலைன்னா 13 வாரத்துக்கு ஒரு ஊரு, ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு வீடு தேடி அட்வான்ஸ் கட்டி கட்டில தூக்கிட்டு அலையறதுக்கு ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வாங்கி அதுலயே இருந்துக்கலாம்னு நீ நினைக்கிறது சரிதான், எனக்கு அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நம்ம ஃபோர்டு எஃப்-250 பிக்அப் டிரக்க எடுத்துக்கோன்னு நான் சொன்னதும் மனசாரத்தான் சொன்னேன். ஆனா மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு ஒருத்தர் டீசல் இல்லாம ஃபிஃப்த் வீல் பக்கமே போகாதீங்கன்னு பயமுறுத்தியிருக்காரு, அந்தப் பக்கம் ட்ரெய்லர் விக்கிற பையன் உங்க டிரக்கு 14,000 பவுண்ட அசால்ட்டா இழுக்கும் மேடம்னு சொல்லியிருக்கான். ரெண்டு பேரும் இன்ஜினைப் பத்தியே பேசுறாங்க பாரு. டிரைவர் கதவத் தொறந்தா பக்கத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மேல மஞ்ச பட்டை போட்டிருக்கும். அதை ஒருத்தரும் குனிஞ்சு பாக்கல.

நம்ம வண்டி ஸ்டிக்கர்ல 3,150 பவுண்டுன்னு இருக்கு. ஏறுற ஆளு, ஏத்துற சாமான், ட்ரெய்லரோட மூக்கு டிரக் மேல அழுத்துற எடை, எல்லாம் சேத்து அதுக்குள்ள அடங்கணும். பின்னாடி கொக்கில மாட்டி இழுக்குற சாதா ட்ரெய்லர்ல அந்த அழுத்தம் மொத்த எடையில பத்துல ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஃபிஃப்த் வீல் அப்படி இல்ல, மூக்கையே தூக்கி டிரக் பெட்டுக்குள்ள (பின்னாடி சாமான் போடுற தொறந்த தொட்டி) பின் அச்சுக்கு நேரா வைக்கிறோம், அதனால அஞ்சுல ஒரு பங்கு, சிலதுல அதுக்கும் மேல வந்து உக்காரும். அப்படி உக்காரறதாலதான் ஓட்டறப்ப பின்பக்கம் ஆட்டம் இல்லாம கம்முன்னு வருது, நம்ம ஊரு நாமக்கல் ட்ரெய்லர் லாரியும் இதே கிங் பின் (ட்ரெய்லர் மூக்குக்கு அடியில இருக்கிற தடிச்ச இரும்பு ஆணி) கணக்குதான். ஆனா அந்த சொகுசுக்கு விலை ஸ்டிக்கர் நம்பர்ல கழியும்.

இப்ப கணக்கு போடு. ஹிட்ச் (அந்த ஆணியப் பிடிச்சுப் பூட்டுற இரும்பு) மட்டும் 230 பவுண்டு. நீங்க ரெண்டு பேரு 310னு வச்சுக்கோ (உன் எடைய நான் கேக்கல, மாப்பிள்ளையோடது கூட குறைச்சுதான் போட்டிருக்கேன்). நாய் 70. டூல் பாக்ஸ், ஜெனரேட்டர், ஜாக்கி, பெட்ல போடுற அது இதுன்னு ஒரு 160. ஆக 770 போச்சு, மிச்சம் 2,380. நீ போட்டோ அனுப்புனியே அந்த 34 அடி ட்ரெய்லர், அதுக்கு பிரோஷர்ல காலி எடை 10,900னு போட்டிருக்கான், முழுசா ஏத்துனா 14,000 வரைக்கும் போலாம்ங்கிறான். காலி எடைங்கிறது ஃபேக்டரி வாசல்ல இருந்த எடை, அதோட யாரும் குடித்தனம் பண்றதில்ல கண்ணு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், அரிசி, வெட் கிரைண்டர் (உங்கம்மா குடுத்து அனுப்பாம விடமாட்டா), துணிமணி, குளிருக்கு ஜாக்கெட்டு, தண்ணி. தண்ணி ஒரு கேலன் எட்டேகால் பவுண்டுக்கு கொஞ்சம் மேல, 60 கேலன் டேங்க் ரொம்புனா 500 பவுண்டு ஆயிடுது. வீடு மாதிரி இருந்தா 13,000 சுலபமா தொட்ருவீங்க. அதுல அஞ்சுல ஒண்ணு 2,600. நம்மகிட்ட இருக்கிறது 2,380. இன்ஜின் இழுக்குமான்னா இழுக்கும்டா, சந்தேகமே இல்ல, ஆனா பின் ஸ்ப்ரிங்கும் அச்சும் டயரும் நாள் பூரா அளவுக்கு மேல சுமந்துட்டு ஓடும், ஒரு நாள் சூட்டுல எதாவது ஒண்ணு கையைக் காட்டும்.

அதனால அதே கடையில இருக்கிற 30 அடிய பாரு, முழு எடை 11,500 போட்டிருந்துச்சே, அது. அதுல மூக்கு 2,300க்குள்ள நிக்கும். ஒரு ஸ்லைடு (வெளிய தள்ளி அறைய அகலமாக்குற பகுதி) குறையும், சோபா சின்னது, தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரு நாய்க்கும் அது போதும்.

இதுல வேடிக்கை என்னன்னா, டீசல் டீசல்னு சொல்றாங்கல்ல, இதே எஃப்-250ல டீசல் இன்ஜின் வச்சிருந்தா ஸ்டிக்கர் நம்பர் இன்னும் குறைஞ்சுடும். அந்த இன்ஜினே பல நூறு பவுண்டு கனம் கூட, வண்டியோட மொத்த எடை வரம்பு மட்டும் பெருசா ஏறாது. முக்கால் டன் (நம்ம எஃப்-250 ரகம்) டீசல் நிறைய வண்டில 2,000, 2,300னு இருக்கிறத நானே கதவத் தொறந்து பாத்திருக்கேன். இழுக்க மலை மாதிரி பலம் இருக்கும், சுமக்க இடம் இருக்காது. அதுக்கு மேல வேணும்னா ஒரு டன்னுங்கிற அடுத்த பெரிய ரக வண்டி எடுக்கணும், டீசலுக்குன்னு மட்டும் பத்தாயிரம் டாலர் கிட்ட கூட குடுக்கணும், புகைய சுத்தம் பண்ற டிஇஎஃப் திரவம் ஊத்தணும், ஃபில்டர் மாத்தணும். வருஷத்துல நாலு தடவை ஊர் மாறுறவங்களுக்கு அது தேவையான்னு நீயே யோசி. மாசம் பூரா மலைமேலயே இழுக்குறவன் டீசல் வாங்கட்டும், அவனுக்கு அது நியாயம்.

இன்ஜின் சத்தத்துக்கு மட்டும் மனச தயார் பண்ணிக்கோ. நம்மது 7.3 லிட்டர் வி8, 430 குதிரை சக்தி, ஆனா அது 5,500 ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) வர்ற கணக்கு, முழு டார்க் (சுழற்றுற விசை) 475 வர்றதே 4,000ல. டீசல்காரன் 1,800ல முனகிட்டே ஏறுற மேட்டுல நம்ம வண்டி ரெண்டு கியர் எறக்கிப்போட்டு 4,500ல கத்தும். உங்கம்மா மொத தடவ அதைக் கேட்டு வண்டிய நிறுத்துங்க எதோ ஒடைஞ்சிடுச்சுன்னா. ஒண்ணும் ஒடையல, அந்த இன்ஜின செஞ்சதே அப்படி சுத்துறதுக்குத்தான். ஆர்பிஎம் முள்ளப் பாக்காத, கூலன்ட் சூடு, டிரான்ஸ்மிஷன் சூடு இந்த ரெண்டு முள்ள மட்டும் பாரு. அது ரெண்டும் நடுவுல இருந்தா கத்தட்டும் விடு.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு உசரம்தான் எதிரி. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் காத்து மெலிசாகி கிட்டத்தட்ட 3 சதவீதம் பலம் போயிடும். நீ கொலராடோல கிராண்ட் ஜங்ஷன் போகணும்னா டென்வர் தாண்டி ஐ-70ல ஐசன்ஹோவர் டனல் ஏறணும், அது 11,000 அடிக்கு மேல. அங்க போறப்ப உங்கிட்ட இருக்கிற 430ல மூணுல ஒரு பங்கு இல்ல, 290ன்னு வச்சுக்கோ. அதனால 65ல ஏறலாம்னு நினைக்காத. வலது லேன்ல லாரிக்காரங்க பின்னாடி ஒட்டாம 35, 40ல போ, ஹசார்ட் லைட்டு போட்டுக்கோ, பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுட்டு போகட்டும். மேப்பு குறுக்கு வழின்னு மானார்க் பாஸ (மலைக் கணவாய்) காட்டும், அது 11,312 அடி, ரோடும் சின்னது, மொத தடவ அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஏறுறத விட எறங்கறதுக்குத்தான் நான் இவ்ளோ எழுதுறேன். டனல் தாண்டுன உடனே சில்வர்தோர்ன் வரைக்கும் 7 சதவீத எறக்கம், லாரிக்கு பிரேக் போச்சுன்னா ஏறி நிக்கறதுக்கு சரளைக்கல் ரேம்ப் போட்டு வச்சிருக்கான்னா எப்படிப்பட்ட எறக்கம்னு பாத்துக்கோ. டீசல்ல எக்ஸாஸ்ட் பிரேக் (புகைய அடைச்சு இன்ஜினாலயே வேகத்த கொறைக்கிறது) இருக்கு, நம்மகிட்ட அது இல்ல, கியரும் கம்ப்ரஷனும்தான். டனலுக்குள்ளயே ஸ்பீட 40க்கு கொண்டு வந்துடு, கியர் லீவர் நுனில இருக்கிற டோ ஹால் பட்டன் (ட்ரெய்லர் இழுக்குறப்ப போடுறது) போட்டிருக்கான்னு பாரு, கையாலயே கியர கொறைச்சு 3, 4ல புடிச்சு வை. அப்பவும் இன்ஜின் நல்லா கத்தும், எறக்கத்துலயும் அந்த சத்தம் நல்ல சத்தம்தான், பெட்ரோல் ஊத்தாமயே கத்துது. ஸ்பீடு 40 தாண்டுனா பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே வராத, அப்படி வந்தா சூடேறி வேணுங்கிறப்ப பிடிக்காது. நல்லா அழுத்தி 35க்கு கொண்டு வா, முழுசா விட்டுடு, திரும்ப 40 வந்தா மறுபடி அதே மாதிரி. பெரிய லாரி லைசன்ஸ் புக்குலயே இப்படித்தான் சொல்லிக் குடுக்கறான். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவுலயும் எங்க சித்தப்பா லோடு லாரிய ஏறுன கியர்லயே எறக்குவாரு, டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவனக் கண்டா கிளீனர் சீட்ல இருந்தே கெட்ட வார்த்தைல திட்டுவாரு. அந்த வார்த்தைய இங்க எழுத முடியாது.

ட்ரெய்லர் பிரேக்க கிளம்புறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடு. டேஷ்போர்டுல கன்ட்ரோலர் இருக்கு, காலி பார்க்கிங்ல 20 மைல்ல போயிட்டு கால எடுத்துட்டு அந்த லீவர மட்டும் கையால அமுக்கு, ட்ரெய்லர் பின்னாடி இழுத்துப் பிடிக்கணும், சக்கரம் லாக் ஆகி தேயக்கூடாது. கெயின் நம்பர (ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணுங்கிறது) அதுக்கேத்த மாதிரி வச்சுக்கோ, லோடு கூடுனா மறுபடி பாரு.

டல்லாஸ்ல இருந்து விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன், ரட்டோன், அப்புறம் ஐ-25ல டென்வர், இதான் நாங்க வழக்கமா போற வழி. அமரில்லோவ சுத்தி மேடே கிடையாது, ஆனா காத்து இருக்கு பாரு, 13 அடி உசர பெட்டிய எதிர்காத்துல தள்ளிட்டு போறது ரட்டோன் பாஸ் ஏறுறத விட பெட்ரோல் குடிக்கும். சும்மா நாள்ல கேலனுக்கு 8 மைல் குடுக்கிற வண்டி அன்னிக்கு 6, 7ன்னு காட்டும். டேங்க் 34 கேலன்தான். கணக்குப்படி 270 மைல் ஓடலாம், நீ 180ல நிறுத்து. டெக்சாஸ்ல 75னு போர்டு இருக்கும், அது கார்க்காரனுக்கு. ட்ரெய்லர் டயர் நிறைய 65க்குன்னுதான் செஞ்சது, 65 தாண்டாத.

பெட்ரோல் போடுறதுதான் உண்மையிலயே எரிச்சல் புடிச்ச வேலை, இத யாரும் உனக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. டிரக் ஸ்டாப்ல பெரிய வண்டிக்குன்னு அகலமா லேன் இருக்கும், ஆனா அங்க பூரா டீசல் மட்டும்தான். நமக்கு காருங்க நிக்கிற பெட்ரோல் பம்புலதான், 50 அடி நீள வண்டிய அந்த சந்துக்குள்ள நுழைச்சு வெளிய வரணும். ஆர்வி லேன் தனியா இருக்கிற ஸ்டாப்பா பாத்து வச்சுக்கோ, இல்லன்னா கடைசி பம்பு, அதுவும் கடைக்கு நேரா மூக்க வைக்காம பக்கவாட்டுல வெளிய போற மாதிரி இருக்கணும். மேல ஷெட் உசரம் எழுதியிருக்கும், ட்ரெய்லர் ஏசியோட சேத்த உசரத்த ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிடு. கொலராடோல ரெகுலர்னு போட்டிருக்கிறது 85 ஆக்டேன். மேனுவல்ல 87ன்னு இருக்கு, விலை பாக்காம நடுவுல இருக்கிற பட்டன அமுக்கு.

மாட்டுறப்ப மொதல்ல பெட் கதவ எறக்கு, அத மறந்து கதவ நசுக்குனவங்க ஏராளம். கிங் பின் உள்ள போனதும் ஹிட்ச் தாடை முழுசா மூடுச்சான்னு டார்ச் அடிச்சு கண்ணால பாரு, லாக் பின் போடு, கேபிள் மாட்டு, பிரேக்அவே ஒயர் (ட்ரெய்லர் கழண்டா அதோட பிரேக்க தானா போடுறது) மாட்டு. அப்புறம் ட்ரெய்லர் கால தரையில இருந்து எடுக்கறதுக்கு முன்னாடியே ட்ரெய்லர் பிரேக்க கையால புடிச்சுக்கிட்டு டிரக்க லேசா முன்னாடி இழுத்துப் பாரு. ட்ரெய்லர் கழண்டு வரலைன்னா பூட்டிருக்கு. நம்ம பெட் ஏழு அடி கூட இல்ல, அதனாலதான் பின்னாடி நகர்ற ஹிட்ச் வச்சிருக்கேன், குறுகலா திரும்புறப்ப அத நகத்தலைன்னா ட்ரெய்லர் மூலை கேபின் கண்ணாடில வந்து நிக்கும். மாட்டுற நேரத்துல போன் வந்தா எடுக்காத, பக்கத்து சைட்டு பெருசு வந்து பேச்சு குடுத்தா சிரிச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பி.

ட்ரெய்லர் எடுத்த அன்னிக்கே சாமான் எல்லாம் ஏத்தி, தண்ணி கொஞ்சம் புடிச்சு, நீங்க ரெண்டு பேரும் நாயும் உக்காந்து ஒரு டிரக் ஸ்டாப் கேட் ஸ்கேல்ல (லாரி எடை மேடை) எடை போடுங்க. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுன்னு மூணு நம்பரா சீட்டு வரும். ட்ரெய்லர கழட்டிட்டு டிரக்க மட்டும் இன்னொரு தடவ போடு, மொத சீட்டுல முன் அச்சு, பின் அச்சு ரெண்டையும் கூட்டி அதுல இருந்து ரெண்டாவது சீட்டு எடைய கழிச்சா மூக்கு எடை தெரிஞ்சிடும். ரெண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ட்ரெய்லர் விக்கிற பையன் என்ன சொன்னான்னு எனக்கு அனுப்ப வேண்டாம்.

வர்ற சனிக்கிழம வந்து வண்டிய எடுத்துக்கோங்க. டயர் காத்து பாத்துட்டேன், ஆயில் மாத்திட்டேன், ஸ்பேர் ஃப்யூஸ் கையுறை பெட்டில இருக்கு. ஹிட்ச் மட்டும் கராஜ் ஓரத்துல கழட்டி வச்சிருக்கேன், 230 பவுண்டு, என் முதுகுக்கு ஆகாது, மாப்பிள்ளைய கூட ஒரு ஆள கூட்டிட்டு வரச்சொல்லு. சாப்பாடு நாலு பேருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடுறேன்.

அப்பா