அழைப்பு நேரத்தை மட்டும் அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையில் ஒரு வங்கிக்கான வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தளத்தில் எல்லாரும் பயப்படுவது 'ஏ.எச்.டி.'க்குத்தான். ஓர் அழைப்பைச் சராசரியாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்ற கணக்கு அது. கூடினால் இன்சென்டிவ் போய்விடும். ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டது என்று பதறி அழைப்பவரிடம், "புகார் பதிவாகிவிட்டது" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறோம். மறுநாள் அவரே மறுபடி அழைப்பார். அறிக்கையில் இரண்டுமே நேரத்துக்குள் முடிந்த அழைப்புகள். அவருடைய பிரச்சினை தீரவில்லை என்பது எங்கும் பதிவாவதில்லை.

இப்படிக் கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லிவிட்டது. எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்பதை எஸ்.எம்.எஸ்.ஸிலேயே போட்டால் பலர் அழைக்கவே மாட்டார்கள் என்று என் பக்கத்தில் உட்காரும் பெண் எழுதிக் கொடுத்தாள். "அது நம்ம வேலை இல்லம்மா, கால் எடுங்க" என்றார் டீம் லீடர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய அப்ரைசலும் அதே நிமிடக் கணக்கில்தான் நிற்கிறது. ஆனால் அப்புறம் அவள் எதையும் எழுதித் தருவதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊழியர்களை நம்பினாலும் வேகம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வது வரை அவர்களை நம்பி ஒப்படைத்தார்கள். மருத்துவர் ஒரு மேஜையில் முடித்துத் திரும்பும்போது அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். அங்கேயும் வேகம் முக்கியம்தான். வேலையைப் பிரித்த விதத்தில் அந்த வேகம் வந்தது, ஆளை விரட்டி வரவில்லை.

சேவை நிறுவனங்களை நடத்துபவர்களிடம் கேட்கிறேன். வாரத்தில் அரை மணி நேரம் எங்களைப் பேச விடுங்கள்: இந்த வாரம் மக்கள் அதிகம் கேட்டது எது, ஏன் கேட்டார்கள் என்று. அதை வங்கிக்கு அனுப்பி, வந்த பதிலை எங்களுக்கும் சொல்லுங்கள். நிமிடக் கணக்கோடு, ஒரே குறைக்காக எத்தனை பேர் மறுபடி அழைத்தார்கள் என்பதையும் அப்ரைசலில் சேருங்கள். அந்தத் தகவல் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இப்படிக்கு,
சேவை மைய ஊழியர் ஒருவர்,
சரவணம்பட்டி, கோவை.