எங்க வீட்டு அல்சேஷனும் கீதாரி ஆடுகளும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

தெருநாய் தொல்லை பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி லெட்டர் வருது, விடாம படிக்கிறேன். நான் எழுத வந்தது காசு குடுத்து வாங்கி வீட்டுல வளக்குற நாய் பத்தி. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்குனோம், நம்ம ஊர்ல அல்சேஷன்னு சொன்னாத்தான் தெரியும். வித்தவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு, "கேட் பக்கத்துல கட்டிப் போடுங்க சார், ஈ காக்கா உள்ள வராது." நம்பிட்டேன்.

எட்டு மாசத்துல ஆரம்பிச்சிருச்சு. பிள்ளைக ஓடிப் பிடிச்சு வெளையாண்டா பின்னாடியே போயி குதிகால்ல கவ்வும், ரத்தம் வராது ஆனா பல்லு பட்ட தடம் இருக்கும். அவுத்து விட்டா காம்பவுண்டு ஓரமா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும், அந்த எடத்துல புல்லெல்லாம் செத்து ஒரு முழ அகலத்துக்கு ஒத்தையடிப் பாதையே விழுந்துருச்சு. அப்பத்தா இதுக்கு என்னமோ பிடிச்சிருக்கு, பாண்டி கோயில்ல மந்திரிச்சு கயிறு வாங்கிட்டு வாடான்னு ஒரே பிடிவாதம். எங்கப்பா இதுக்கு ராஜபாளையமே வாங்கிருக்கலாம்னாரு. (அது வேட்டை நாய், அதுக்கு வேற மாதிரி ஓட்டம் வேணும், அது தனிக் கதை.)

போன தடவ அறுப்பு முடிஞ்சு மேலூர் பக்கம் மச்சான் வயல்ல ஆட்டுக்கிடை போட்டுருந்தாங்க, ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரி, ஊர் ஊரா போயி ஆடு மேய்க்கிறவரு, முந்நூறு ஆடு இருக்கும். அடுத்த வயல்ல உளுந்து நிக்குது, நடுவுல வரப்பு மட்டுந்தான். கீதாரி மகன் கையில கம்போட அந்த வரப்பு மேலயே போறதும் வர்றதுமா இருந்தான், ஒரு ஆடு உளுந்துப் பக்கம் தலைய நீட்டுனா போதும், அங்க நிப்பான். அவுங்க நாய் பாட்டுக்கு வேப்பமரத்தடியில தூங்குது, அதுக்கு ராத்திரி காவல்தான் வேல. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு, அட, இந்தப் பய செய்றதத்தான நம்ம வீட்டு நாய் செய்யுது!

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன். ஜெர்மனியில வேலி இல்லாத மேய்ச்சல் நெலத்துல, பயிர் ஓரமா நாள் பூரா நடந்து ஆடு தாண்டாம பாத்துக்கிட்ட நாய்கதான் இதோட முன்னோருக, ஆட்டைத் திருப்புறதுக்குக் கவ்வுறதும் அந்தப் பழக்கந்தான். 1899ல மாக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ்னு ஒரு ராணுவ அதிகாரி இதுக்குன்னு சங்கம் வச்சு இனமா ஆக்குனாரு, போலீஸ் வேல பட்டாள வேல எல்லாம் அப்புறம் வந்ததுதான். முதல் உலகப் போர் நேரத்துல ஜெர்மன்னு சொன்னாலே கசந்ததால இங்கிலாந்துக்காரங்க அல்சேஷன்னு பேர மாத்திட்டாங்க. அந்தப் பேரே நம்மகிட்டயும் தங்கிருச்சு, ஷெப்பர்டுன்னா இடையன்னு யாரும் யோசிக்கவே இல்ல.

இப்ப சங்கிலி கிடையாது. வெயிலுக்கு முன்னாடி, காலைல அஞ்சே காலுக்கு யானைமலை அடிவாரத்துல ஒரு மணி நேரம் நடக்குறோம். சாயங்காலம் என் மக செருப்ப எங்கயாவது ஒளிச்சு வைப்பா, அது தேடி எடுத்துட்டு வரணும், அந்தக் கால் மணி நேரம் ஒரு மணி நடைக்குச் சமம், அப்புறம் அது பாட்டுக்குப் படுத்துரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், கவ்வ வந்தா ஓடாத, அப்படியே நில்லு. ஓடுனாத்தான் அதுக்கு நீ ஆடு.

வாங்க நெனைக்கிறவங்க, குட்டியோட தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கான்னு கேளுங்க, இந்த இனத்துல இடுப்பு மூட்டுக் கோளாறு ரொம்ப உண்டு. ரெண்டடுக்கு முடி, நம்ம ஊர் வெயிலுக்கு மொட்டை அடிச்சா நல்லதுன்னு ஒருத்தர் சொல்லி நானும் பாதி ஒத்துக்கிட்டேன், டாக்டர் திட்டுனாரு, அந்த முடிதான் வெயில் நேரா தோல்ல படாம காக்குதாம். தினமும் சீவணும், உண்ணி பாக்கணும், சோபா பூரா முடிதான், அதுக்கு வழியே இல்ல.

கால்நடை டாக்டர் யாரையாவது விட்டு எந்த நாய் எந்த வேலைக்குன்னு வளத்ததுன்னு வாரம் ஒண்ணா எழுதச் சொல்லுங்க அய்யா. குதிகால் கடி இப்ப நின்னுருச்சு. ஆனா பாண்டி கோயில் கயிறு அது கழுத்துல இன்னும் கெடக்கு, அவுக்க அப்பத்தா விடல.

இப்படிக்கு,
ஒரு வாசகன், ஒத்தக்கடை, மதுரை.