பெற்றோர் கலந்துரையாடல்: சனிக்கிழமை காலை 9.30

அன்பின் பெற்றோருக்கு வணக்கம்.

நீண்ட காலம் அருட்சகோதரிகள் வகித்த அதிபர் பொறுப்பு அடுத்த தவணையிலிருந்து துறவறம் பூணாத பொதுநிலை ஆசிரியை ஒருவரிடம் செல்வதால், பாடசாலையின் கத்தோலிக்கத் தன்மையை யார், எவ்வாறு காப்பது என்பதைப் பேச வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்குக் கொட்டாஞ்சேனையிலுள்ள நம் பாடசாலையின் நூலகத்தில் கூடுகிறோம். பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர்கள் பெற்றோரே என்றும், ஆசிரியர்கள் கற்பித்தலால் மட்டுமன்றி வாழ்வாலும் சாட்சியம் பகர வேண்டும் என்றும் உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுவதால், இது நிர்வாகத்தின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. காலைச் செபத்துக்கு முன் வாயிலில் நின்று, பிந்தி வரும் பிள்ளையின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டே உள்ளே அனுப்பும் பழக்கத்தை எந்தச் சுற்றறிக்கையும் கற்றுத்தருவதில்லை.

1. வருவோர் வியாழன் இரவுக்குள் தம் பெயரையும் பிள்ளையின் வகுப்பையும் இங்கே பதிவிடுங்கள்.
2. இந்து, இஸ்லாமியப் பெற்றோரும் அவசியம் வர வேண்டும். அவர்களின் பிள்ளைகளுக்கான சமய பாட நேரமும் பேசப்படும்.
3. கேள்விகளை எழுத்தில் கொண்டுவாருங்கள். கட்டணம், சீருடை பற்றியவை வேண்டாம் (சென்ற முறை அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று).
4. வாகனங்களை வீதியில் நிறுத்த வேண்டாம்.

செயலாளர், பெற்றோர் குழு